இதரப் பிரிவில் எட்டுப் பெண்கள்

சிவராஜ் தன் அம்மாவின் படத்தைத் தானாகத்தான் கொண்டுபோய் எல்லையோர மரபு மீட்பு மன்றத்தில் கொடுத்தான். யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் மன்றமும் இதையேதான் சொன்னது.

அவனுக்கு நாற்பத்தொரு வயது. ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பாரம் ஏற்றினால் முன்னால் பெட்டி மறைக்கும் என்பதால் அந்த வண்டியைப் பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். "பதினெட்டு வருசமா பின்னாடி பாத்தே முன்னேறின மனுசன்" என்பாள் அவன் மனைவி மேகலா. அவளும் வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இருவருக்கும் ஷிப்ட் மாறி மாறி வருவதால் சண்டை போடக்கூட ஞாயிற்றுக்கிழமைதான் வாய்க்கும்.

அம்மா பூவம்மாள் காய்ச்சலில் இறந்தபோது சிவராஜுக்கு நான்கு வயது. முகம் நினைவில்லை. வீட்டில் அவள் படம் எதுவும் இல்லை என்றே அவன் நம்பியிருந்தான். போன தை மாதம் அப்பா நாராயணப்பன் இறந்த பிறகு, அவருடைய தகரப் பெட்டியில் பழைய ரேஷன் கார்டுக்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. பின்னணியில் ஓசூர் மலைக்கோயில். நடுவில் பாதி எழுந்த ஒரு கல்சுவர். சுவருக்கு முன்னால் தலையில் சாந்துச் சட்டியோடு எட்டுப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். படத்தின் பின்புறம் பென்சிலில் அப்பாவின் எழுத்து: "பூவம்மாளும் மத்தவங்களும். கம்பெனி கட்டும்போது. 1985."

எட்டுப் பேரில் பூவம்மாள் யார்? அது எழுதியிருக்கவில்லை. அப்பாவுக்குத் தெரியும், அதனால் எழுதத் தோன்றியிருக்காது. அம்மா வழிச் சொந்தமென்று யாரும் மிச்சமில்லை. பெரியப்பாவிடம் காட்டினான். அவர் முதல் நாள் இடது ஓரத்தில் இருந்தவளைக் காட்டினார், இரண்டாம் நாள் நடுவில் நின்றவளை. மூன்றாம் நாள், "எல்லாருமே அப்படித்தான்டா இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மன்றத்தின் நோட்டீஸ் செய்தித்தாளுக்குள் வந்து விழுந்தது. "உங்கள் பரணில் உறங்கும் வரலாற்றை எழுப்புவீர்! பழைய புகைப்படங்கள், அஞ்சலட்டைகள் வரவேற்கப்படுகின்றன. மாபெரும் கண்காட்சி. தேர்ந்தெடுக்கப்படும் படங்கள் பாரம்பரிய அஞ்சலட்டைகளாக வெளியிடப்படும்."

"கொண்டு போய்க் குடுங்க" என்றாள் மேகலா. "ஊரே வந்து பாக்கும். அந்த எட்டு பேர்ல ஒருத்தராவது உசுரோட இருக்க மாட்டாங்களா? அவங்க புள்ளைங்க பாத்தாகூடப் போதும்."

மன்றம் பாகலூர் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது. பெயர்ப்பலகையில் "பதிவு பெற்றது" என்ற சொல் மன்றத்தின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. உள்ளே செயலாளர் மணிமேகலை. ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு மட்டும்தான், அவருடைய விண்ணப்பப் படிவங்களுக்கு இல்லை. பதினான்கு பக்கப் படிவம் ஒன்றைச் சிவராஜின் முன் வைத்தார்.

"படத்துல எத்தனை பேர்?"

"எட்டு பேருங்க மேடம்."

"எட்டு பேர்கிட்டயும் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கணும்."

"அவங்க யாருன்னே தெரியாதுங்க. தெரிஞ்சுக்கலாம்னுதான் இங்க கொண்டு வந்தேன்."

"யாருன்னு தெரியலைன்னா, தெரியலைங்கறதுக்கு ஒரு சான்று வேணும். அவங்களை நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேர் அதுல சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

சிவராஜ் இதை மனதுக்குள் ஒருமுறை பின்பக்கமாக ஓட்டிப் பார்த்தான். அப்போதும் வழி தெரியவில்லை. கடைசியில் கீழே டைல்ஸ் கடையில் இருந்த இருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களுக்கும் அவர்கள்தான் சாட்சி என்று சொன்னார்கள்.

"எந்தப் பிரிவு?" என்றார் மணிமேகலை. படிவத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. மன்னர், வெள்ளையர், கட்டடம், மிருகம், இதர.

"ஆளுங்க மேடம். வேலை செஞ்ச ஆளுங்க."

"ஆள்னு பிரிவு கிடையாது" என்று சொல்லி அவர் 'இதர' கட்டத்தில் டிக் அடித்தார். படத்தை ஒரு உறைக்குள் போட்டார். உறையைப் பீரோவுக்குள் போட்டார். பீரோவைப் பூட்டி ஒரு ரசீது தந்தார். அதில், "பெறப்பட்ட வரலாறு: ஒன்று" என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது.

பத்து நாள் கழித்து 'காலக் கணிப்பு அமர்வு' என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. சிவராஜ் லீவு போட்டுவிட்டுப் போனான். மேசைக்குப் பின்னால் ஒரு பூதக்கண்ணாடியோடு ஹரீஷ்குமார் உட்கார்ந்திருந்தார். அவர் மன்றத்தின் காலக் கணிப்பு நிபுணர். படங்களைப் பார்த்து வருடம் சொல்பவர். பக்கத்தில் தலைவர் 'மரபுச்சுடர்' ராஜ்குமார். அந்தப் பட்டத்தை மன்றம் அவருக்குக் கொடுத்தது. மன்றத்தை அவர் நடத்தினார். ஆகவே இருதரப்புக்கும் குறை இல்லை. தொழில், கிரானைட் ஏற்றுமதி.

சிவராஜுக்கு முன்னால் கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த மெஹபூப் பாஷா என்ற மாங்காய் மண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். தன் தாத்தா 1942இல் பெங்களூரிலிருந்து வீட்டுக்கு எழுதிய ஒரு தபால் கார்டைக் கொண்டு வந்திருந்தார். ஹரீஷ்குமார் அதை உரக்கப் படித்தார்.

"'நலம். செந்தூரா ஆறு கூடை வந்து சேர்ந்தது. நீலம் இன்னும் பழுக்கவில்லை. மழைக்கு முன் மீதியை அனுப்பவும். கன்றுக்குட்டி எப்படி இருக்கிறது?'"

ஹரீஷ்குமார் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"1942. இந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். செந்தூரா. செந்நிறம். புரட்சி. ஆறு கூடை என்பது ஆறு படைப்பிரிவு. நீலம் இன்னும் பழுக்கவில்லை என்றால் வடக்குப் பகுதி வீரர்கள் இன்னும் தயாராகவில்லை. மழை என்பது போலீஸ் சோதனை."

"சார், அது மாங்காய்ங்க" என்றார் பாஷா. "எங்க தாத்தா மாங்காய் வியாபாரம். நாங்களும் அதான்."

"உங்களையும் அப்படியே நம்ப வைத்திருக்கிறார் பாருங்கள்! அதுதான் அவருடைய திறமை."

"அப்ப கன்னுக்குட்டி?"

ஹரீஷ்குமார் கொஞ்சம் யோசித்தார். "அது ஆய்வுக்குரியது" என்றார்.

பாஷா தலைமறைவுப் போராளியின் பேரனாக வெளியே போனார். மாங்காய் மண்டிக்குப் போய் இதை எப்படிச் சொல்வது என்று அவர் முணுமுணுத்தது சிவராஜுக்குக் கேட்டது.

அடுத்து சிவராஜின் படம். ஹரீஷ்குமார் படத்தைத் திருப்பிப் பென்சில் எழுத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"1985 என்று போட்டிருக்கிறது. பென்சிலை நம்பக் கூடாது. பென்சில் அழியக்கூடியது."

"அழியலைங்களே சார்."

"அதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது." பூதக்கண்ணாடி முன்பக்கத்துக்கு வந்தது. "இந்தச் சுவரைப் பாருங்கள். கோட்டைச் சுவர்."

"அது கம்பெனி காம்பவுண்டு சார். இப்பவும் இருக்கு. நான் தினம் அதுக்குள்ளதான் வேலைக்குப் போறேன்."

"இப்போதும் இருக்கிறதா?" ஹரீஷ்குமார் தலைவர் பக்கம் திரும்பினார். "அப்படியானால் எவ்வளவு பழமையானதாக இருக்க வேண்டும்!"

அரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு படம் 1887இல் எடுக்கப்பட்டது என்று முடிவானது. தலைவரின் கொள்ளுத்தாத்தா பிறந்ததும் அதே ஆண்டுதான். இது தற்செயல் என்று தீர்மானப் புத்தகத்தில் தனியாக எழுதி வைத்தார்கள்.

படத்தின் கீழே போட வேண்டிய தலைப்புக்கும் அன்றைக்கே ஒரு உபகுழு கூடியது. தமிழில் போட வேண்டும் என்றார் ஒருவர். இது எல்லைப் பகுதி, கன்னடமும் வேண்டும் என்றார் அடுத்தவர். மூன்றாமவர் இங்கே பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்குதான் என்று மேசையைத் தட்டினார். எந்த மொழி மேலே வருவது என்பதில் இரண்டு மணி நேரம் சத்தம். கடைசியில் மூன்று பேரும் மனமொத்து ஆங்கிலத்தில் போட்டார்கள்.

"சார், அந்த எட்டு பேர் பேரு யாருக்காவது தெரியுமான்னு கீழ ஒரு வரி போட்டா நல்லாருக்கும்" என்று சிவராஜ் கதவருகே நின்று கேட்டான்.

"எந்த எட்டு பேர்?" என்றார் தலைவர்.

ஆவணியில் அஞ்சலட்டைகள் அச்சாகி வந்தன. பன்னிரண்டு அட்டைகள் கொண்ட ஒரு தொகுப்பு. ஏழாவது அட்டை சிவராஜின் படம். மன்றத்திலிருந்து ஒன்று தபாலில் வந்தது. கம்பெனிக்குக் கிளம்பும் நேரத்தில் உறையைப் பிரித்தான்.

மலை இருந்தது. சுவர் இருந்தது. சுவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை. கணினியில் எட்டுப் பெண்களையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புல் போட்டு மூன்று மயில்களை நிறுத்தியிருந்தார்கள். வலது ஓரத்தில் தலைப்பாகையோடு ஒரு ஆள் வெள்ளைக் குதிரையில் உட்கார்ந்திருந்தார். கீழே ஆங்கிலத்தில், 1887, தலைவரின் கொள்ளுத்தாத்தா கோட்டையைப் பார்வையிடுகிறார் என்று இருந்தது. படம் முழுக்க டீத்தண்ணி நிறத்தில் பழுப்படித்திருந்தார்கள்.

சிவராஜ் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். மறுபடி முன்பக்கம் பார்த்தான். எடுத்துவிட்ட ஆட்கள் எங்காவது ஓரத்திலாவது நிற்பார்கள் என்று தேடுவதுபோல் விளிம்பையெல்லாம் பார்த்தான். மேகலா வாங்கிப் பார்த்தாள்.

"பொறந்த வருசமே குதிரை ஏறிட்டாரா இவரு?" என்றாள். பிறகு அவள் குரல் மாறியது. "எட்டு பொம்பளைங்கள எடுத்துட்டு மூணு மயில வெச்சிருக்கானுங்க. போய் படத்த வாங்கிட்டு வாங்க. முதல்ல அத வாங்குங்க."

அன்று அவன் கம்பெனிக்குப் போகவில்லை. நேராக மன்றத்துக்குப் போனான். மணிமேகலை அவனை உட்காரச் சொல்லி, கோப்பை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"என்ன வேணும்?"

"எங்கம்மா இருக்கற படம் மேடம். நான் குடுத்தது. திருப்பிக் குடுத்துடுங்க."

"வரிசை எண் ஏழு. 1887ஆம் வருசத்துப் படம்." அவர் நிமிர்ந்தார். "உங்கம்மா 1887ல இருந்தாங்களா?"

"இல்லங்க மேடம். எப்படி இருப்பாங்க?"

"அப்ப உங்கம்மா இருக்கற படம் எங்ககிட்ட இல்லை."

"அது 1985ல எடுத்தது மேடம். நீங்கதான் மாத்திட்டீங்க."

"1985 படம்னு ஒண்ணு இங்க பதிவாகவே இல்லை. பதிவாகாத படத்தை நான் எப்படித் திருப்பித் தர முடியும்?"

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து தலைவர் வந்தார். சிவராஜின் தோளில் கை போட்டார். கையில் மூன்று மோதிரம்.

"தம்பி, வருத்தப்படாதீங்க. நீங்க கொடுத்தது கச்சாப் பொருள். ஒரு கல்லை மலையிலிருந்து எடுத்தா அப்படியேவா விக்கறோம்? ஓரத்தை வெட்டணும், பாலிஷ் போடணும். வரலாறும் அப்படித்தான். அந்தப் பொண்ணுங்க நடுவுல நின்னு சுவரை மறைச்சுக்கிட்டு இருந்தாங்க."

"அந்தச் சுவரைக் கட்டுனதே அவங்கதான் சார்."

"கட்டினதுக்குக் கூலி வாங்கியிருப்பாங்க இல்ல?" என்றார் தலைவர் அன்பாக. "அப்புறம் எதுக்குப் படத்துல வேற நிக்கணும்?"

சிவராஜ் படியிறங்கி வெளியே வந்தான். சில கேள்விகளுக்குப் பதில் வீட்டுக்குப் போகும் வழியில்தான் வரும். அவனுக்கு அன்றைக்கு வழியிலும் வரவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கம்பெனி காம்பவுண்டுச் சுவரை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றான். பதினெட்டு வருடத்தில் அதை அவன் ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை. இப்போது ஒரு கல்லைத் தொட்டான். எட்டில் ஒரு பங்கு அம்மா சுமந்த சாந்தாக இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தான்.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வரலாற்றைப் பார்க்கக் கூட்டம் வராது என்று தெரிந்திருந்ததால், அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து நான்கு வேன்களில் ஆட்களை ஏற்றி வந்திருந்தார்கள். மதியம் பிரியாணி என்று சொல்லியிருந்தார்கள். பெரும்பாலும் வயதான பெண்கள். கூட்டத்துக்கு ஆள் என்றால் அந்தப் பக்கத்தில் அவர்கள்தான் போவார்கள். எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்று கேட்பதில்லை.

அஞ்சலட்டைகளைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஏழாவது படம்தான் மேடைக்குப் பின்னால் நடுநாயகமாக இருந்தது. சிவராஜும் மேகலாவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். மூன்று வரிசைக்கு அப்பால் மெஹபூப் பாஷா ஒரு மாலையோடு பாவமாக உட்கார்ந்திருந்தார்.

தலைவர் பேச எழுந்தார்.

"என் உயிரினும் மேலான மரபு நேசர்களே! வரலாறு என்பது நம் சொத்து. சொத்தை எப்படிப் பாதுகாப்பது என்று எனக்குத் தெரியும். முதலில் வேலி போட வேண்டும். பிறகு பெயர் மாற்ற வேண்டும். (கைதட்டல்.) இந்த மாவட்டத்தின் மலைகளை நான் நேசிக்கிறேன். எத்தனையோ மலைகளை நேசித்திருக்கிறேன். நான் நேசித்த மலைகளில் சில இன்று இத்தாலியில் இருக்கின்றன. (பலத்த கைதட்டல்.) நம் முன்னோர்களை நாம் மறக்கக் கூடாது. குறிப்பாக என் முன்னோர்களை. இதோ, எனக்குப் பின்னால் இருக்கும் படத்தைப் பாருங்கள். இதில் பொய் என்று எதையாவது யாராவது காட்ட முடியுமா?"

இதைப் பேச்சாளர்கள் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. ஆனால் அஞ்செட்டி வேனில் வந்த ஒரு அம்மாவுக்கு அது தெரியவில்லை. அவர் பெயர் முனிலட்சுமி. எழுபதுக்குப் பக்கம் வயது, கட்டையான உடம்பு. இவ்வளவு நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து மேடையை நோக்கி நடந்தார்.

"ஏம்ப்பா," என்றார், மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும் குரலில். "இது கம்பெனி காம்பவுண்டு. இங்க நாங்கதான நின்னோம்? எங்கள எங்க காணோம்?"

தலைவர் திரும்பிப் படத்தைப் பார்த்தார்.

"நெழல மட்டும் வுட்டுட்டீங்களே! பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். கணினி பெண்களை எடுத்துவிட்டது, நிழல்களை எடுக்க மறந்துவிட்டது. சின்ன அட்டையில் புல்லோடு புல்லாகத் தெரியாமல் கிடந்தவை, சுவரளவு படத்தில் நன்றாகத் தெரிந்தன. தரையில் எட்டு நிழல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சட்டி. மூன்று மயில்களுக்கு நிழலே இல்லை. குதிரையின் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தது. முனிலட்சுமி மேடைமேல் ஏறி இடமிருந்து மூன்றாவது நிழலின் மேல் கையை வைத்தார்.

"இது நானு. என் சட்டி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். பாருங்க, நெழலும் நசுங்கியிருக்குது. தேவுடா! நாப்பது வருசத்துக்கு அப்புறம் என்னய இப்படியா பாக்கணும்?"

அஞ்செட்டிப் பெண்கள் சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். ஹரீஷ்குமார் பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தார். ஆனால் தலைவர் லேசுப்பட்டவர் இல்லை. மலையையே நகர்த்தியவர். மைக்கைப் பிடித்தார். குரல் தழுதழுத்தது.

"கேட்டீர்களா? கேட்டீர்களா, தோழர்களே! 1887ஆம் ஆண்டுப் படத்தில் இந்தத் தாய் தன்னை அடையாளம் காண்கிறார்! நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய நினைவு! பூர்வ ஜென்ம நினைவு! எங்கள் மன்றத்தின் ஒரு படத்துக்கு எத்தனை சக்தி பாருங்கள்! மண்ணின் மகளுக்குப் பொன்னாடை போர்த்துகிறேன்!"

"பூர்வ ஜென்மமா? எனக்கு அப்ப முப்பது வயசுய்யா" என்றார் முனிலட்சுமி. அதற்குள் பொன்னாடை விழுந்துவிட்டது. நாதஸ்வரம் ஊதச் சொல்லிவிட்டார்கள். மூன்று கேமராக்கள் மின்னின. மறுநாள் ஒரு பேப்பரில் அந்தப் படம் வந்தது, கீழே 'மறுபிறவி மூதாட்டி' என்று.

சிவராஜ் கூட்டத்தை இடித்துக்கொண்டு அவரிடம் போய்ச் சேர்ந்தபோது அவர் பிரியாணி வரிசையில் நின்றிருந்தார்.

"அம்மா, உங்ககூட பூவம்மான்னு ஒருத்தங்க வேலை செஞ்சாங்களா?"

"எந்தப் பூவம்மா? நாராயணப்பன் பொண்டாட்டியா?"

சிவராஜ் மேகலாவைத் திரும்பிப் பார்த்தான். மேகலாதான் பேசினாள். "இவரு அவங்க பையனுங்க. அவங்க முகம் எதுன்னு தெரியாம அலைஞ்சுட்டிருக்காரு. அந்த எட்டு நெழல்ல அவங்க எது?"

முனிலட்சுமி சிவராஜை மேலும் கீழும் பார்த்தார். அவன் கன்னத்தைத் தொட்டார். "பூவி மவனா நீ? இடுப்புல துணி இல்லாம மணல்ல ஓடுவியே!" பிறகு தலையை ஆட்டினார். "என் நெழலு எனக்குத் தெரியும்ப்பா. அவ நெழல நான் எப்படிக் கண்டுபுடிக்கறது? மொகம் வேணும். படத்த எடுத்துட்டு வா. அஞ்செட்டி பஸ் ஸ்டாண்டுல எறங்கி என் பேரச் சொல்லு, காட்டுவாங்க."

திங்கட்கிழமை காலை சிவராஜ் மன்றத்துக்குப் போனான். இந்தத் தடவை கம்பெனி யூனிஃபார்ம் போட்டிருந்தான். மணிமேகலை தூங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எதிரே ஹரீஷ்குமாரின் ராஜினாமாக் கடிதம் கிடந்தது. உடல்நிலை காரணமாம்.

"மேடம், ஒரே ஒரு சந்தேகம்" என்றான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "உங்க பதிவுப்படி 1985 படம்னு ஒண்ணு இங்க இல்லை. சரிங்களா?"

"இல்லை."

"ஆனா பீரோவுக்குள்ள ஒரு உறையில அது இருக்கு. பின்னாடி பென்சில்ல 1985ன்னு எழுதியிருக்கு. நாளைக்கு யாராவது வந்து பீரோவத் தெறந்து பாத்தா, பதிவுல இல்லாத பொருள் எப்படி உள்ள வந்துச்சுன்னு கேப்பாங்க. சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னும் கேப்பாங்க."

மணிமேகலையின் பேனா நின்றது. முப்பத்தைந்து வருடத்தில் அவர் பயந்தது ஆட்களுக்கு அல்ல, தணிக்கைக்கு மட்டும்தான். எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார். உறையை இரண்டு விரலால் எடுத்து வந்தார்.

"இதை அப்புறப்படுத்தணும்" என்றார். "ஆனா அப்புறப்படுத்தணும்னா முதல்ல பதிவுல இருக்கணும். பதிவுல இல்லாததை அப்புறப்படுத்த எங்கிட்ட படிவம் கிடையாது."

"இல்லாத பொருளை நான் எடுத்துட்டுப் போனா, எதுவும் வெளிய போனதா ஆகாதுங்களே மேடம்?"

அவர் யோசித்துப் பார்த்தார். விதிப்படி அது சரியாக இருந்தது. சரியாக இருந்தது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட வந்ததுபோல் தெரிந்தது. ஒரு வெள்ளைத் தாளில் எழுதி நீட்டினார். 'மேற்படி நான் மன்றத்திடம் எந்தப் படத்தையும் கொடுக்கவும் இல்லை, எந்தப் படத்தையும் திரும்பப் பெறவும் இல்லை.' சிவராஜ் கையெழுத்துப் போட்டான். கீழே டைல்ஸ் கடை ஆட்கள் இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் சிவராஜ் லீவு போட்டான். மேகலாவும் லீவு போட்டாள். இரண்டு பேரும் பைக்கில் கிளம்பினார்கள். தேன்கனிக்கோட்டை தாண்டியதும் காடு, மலை வளைவு, ரோட்டை மறித்து நிற்கும் மாடுகள். சட்டைப் பையில் இருந்த உறையைச் சிவராஜ் நான்கு இடத்தில் நிறுத்தித் தொட்டுப் பார்த்துக்கொண்டான். முனிலட்சுமியின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. பஸ் ஸ்டாண்டில், "மறுபிறவியா? அந்த வேப்ப மரத்துக்குப் பின்னாடி" என்று கையைக் காட்டினார்கள்.

அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். மன்றத்தின் பொன்னாடையைக் கன்றுக்குட்டியின் முதுகில் கட்டியிருந்தார். ராத்திரியில் மலைக்காற்று அடிக்குமாம். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். ஒவ்வொரு முகமாக விரலால் நகர்ந்தார்.

"இது மாதேஸ்வரி, செத்துப் போயிட்டா. இவ பேரு மறந்துபோச்சு. இது நானு. இது சரஸ்வதி, பெங்களூருல மவகூட இருக்கா. இவ பேரும் மறந்துபோச்சு..." விரல் நின்றது. "இதோ. இதான் பூவி."

இடமிருந்து ஆறாவது. பெரியப்பா மூன்று நாளில் ஒருமுறைகூடக் காட்டாத முகம். மற்ற ஏழு பேரும் கேமராவை விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் வாயைத் திறந்து, புருவத்தைச் சுருக்கி, பக்கவாட்டில் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். சிவராஜ் அந்த முகத்தை இத்தனை மாதமும் வேண்டாம் என்று தாண்டித் தாண்டிப் போயிருக்கிறான். படமெடுக்கும்போது வாயைத் திறந்தவள் அம்மாவாக இருக்க மாட்டாள் என்று ஏனோ நினைத்திருந்தான்.

"என்ன பண்றாங்க இதுல?" என்றாள் மேகலா.

"திட்டறா!" முனிலட்சுமி சிரிக்க ஆரம்பித்தார். "போட்டோகாரன் பெரிய துரையாட்டம் 'யாரும் அசையாதீங்க, அசையாதீங்க'ன்னு கத்தறான். தலையில சட்டி. வெயிலு. கால் மணி நேரமா கண்ணாடியத் தொடைக்கறான். இவ பாத்தா, பாத்தா, தாங்க முடியல. 'அசையாம நிக்கணும்னா கோயிலுக்குப் போயி செலைய எடுய்யா, இந்தச் சட்டிய ஒன் தலையில வெச்சா ஆடறியா அசையறியான்னு பாப்போம்'னா. அப்பதான் டிக்குனு எடுத்துட்டான்."

அம்மாவைப் பற்றிச் சிவராஜ் நிறையக் கேட்டிருக்கிறான். நல்லவ, பாவம், சின்ன வயசுலயே போயிட்டா. எல்லாம் அவளைப் பற்றி மற்றவர்கள் சொன்னது. அவள் சொன்னது என்று ஒரு வாக்கியம் அவனிடம் இதுவரை இருந்ததில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் திறந்த வாயையே பார்த்தான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான்.

முனிலட்சுமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றார். தலையில் இல்லாத சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை, மருமகள் மேகலாவின் எதிரில் வேண்டாமென்று முதலில் விட்டிருந்த கெட்ட வார்த்தையையும் சேர்த்து, அந்தத் தெருவே கேட்கும்படி பூவம்மாளின் குரலில் சொன்னார்.